ஏறும் இடத்தில் ஓர் அடி

வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் எனக்கு ஆகாது. வேறு யாராவது என்றால் டீ வாங்கிவரச் சொல்லிக் கீழே அனுப்பிவிடுவேன். அன்றைக்கு நின்றவர் என் அக்காவின் வீட்டுக்காரர். மாமாவை டீக்கடைக்கு விரட்ட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது என் அறை. பாட்டுகளைப் பதிவு செய்கிறேன். அதைவிட அதிகமாக, பதிவான பாட்டைக் கடைசியாக ஒருமுறை சீர்செய்து வெளியே அனுப்புகிறேன். அதற்கு மாஸ்டரிங் என்று பெயர். அதில் இரண்டு வேலை முக்கியம். சத்தத்தை அடிக்கனம், நடு, கீச்சு என்று பிரித்து, வேண்டியதைக் கூட்டி வேண்டாததைக் குறைப்பது ஈக்யூ. சத்தம் ஒரு வரம்பைத் தாண்டும்போதெல்லாம் தலையில் கைவைத்து அமுக்குவது கம்ப்ரஸர். இந்த இரண்டில் எதை முதலில் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று சண்டை போட்டுப் பேச்சுவார்த்தையே நின்றுபோனவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. முதலில் கம்ப்ரஸர், பிறகு ஈக்யூ. சென்னையில் வேலை பார்த்த ஸ்டூடியோவில் அப்படித்தான் பழகினேன். ஊருக்குத் திரும்பிய பிறகும், மாதா கோயில் தேர்ப்பாட்டு வந்தாலும் சரி, அம்மன் பாட்டு வந்தாலும் சரி, அதே வரிசைதான்.

அக்காவும் மாமாவும் அமாவாசைக்கு மேல்மலையனூரில் பாடுகிறவர்கள். மாமா இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு அடிப்பார். அக்கா அங்காளம்மனைத் தலைமுதல் பாதம்வரை வர்ணித்துப் பாடுவாள். கல்யாணமானதிலிருந்து இதுதான் அவர்கள் வாழ்க்கை. மற்ற நாட்களில் அவலூர்பேட்டைப் பக்கம் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவார்கள், அதற்காகச் சண்டையும் போடுவார்கள்.

அக்காவின் கழுத்தில் ஒரு வீக்கம் வந்தது. தைராய்டு கட்டி, விட்டுவைத்தால் ஆபத்து, எடுத்தே ஆகவேண்டும் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கட்டியை ஒட்டித்தான் குரலுக்கான நரம்பு போகிறதாம். எடுத்த பிறகு குரல் இப்படியே இருக்கலாம், மாறவும் மாறலாம், உயரத்துக்குப் போகாமலும் போகலாம் என்றாராம் டாக்டர். ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அக்கா நிறைய நாள் இழுத்தடித்தாள். கடைசியில் ஒருநாள் என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கொரல ஒருக்கா புடிச்சி வச்சிருடா. போறதுக்கு முன்ன நான் கேட்டுட்டுப் போவணும். காதால கேட்டுட்டேன்னா பயப்படாம படுத்துக்குவேன்."

அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பதிவை வைத்துக்கொண்டோம். மாமாவைப் பக்கத்து அறையில் நிறுத்தி, இரண்டு பேருக்கும் ஹெட்போன் மாட்டி, குரலையும் பம்பையையும் தனித்தனியாகப் பிடிக்கப் பார்த்தேன். அக்கா இரண்டு வரியைத் தாண்டவில்லை. ஹெட்போனைக் கழற்றி என் மடியில் போட்டாள். "எதுர்ல ஆளே இல்லாம யாரப் பாத்துடா பாடுறது?" என்றாள். பம்பைக்காரர் எதிரில் நின்று அடிக்க, அவர் கையைப் பார்த்துக்கொண்டு பாடுவதுதான் அவர்கள் வழக்கம். வேறு வழியில்லாமல் இருவரையும் எதிரெதிராக நிறுத்தி, நடுவில் மைக் வைத்து, ஒரே மூச்சில் பிடித்தேன். இரண்டு சத்தமும் ஒரே பதிவில் ஒட்டிக்கொண்டன. இனி ஒன்றைத் தொட்டால் மற்றதும் அசையும். இன்னொரு தடவை பாடு என்று கேட்கவும் முடியவில்லை. முடித்தவுடன் அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் கேட்டாள்.

மறுநாள் சாயந்திரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்கு அடுத்த நாள் காலையில் ஆபரேஷன். மத்தியான பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். ஃபிளாஸ்க், துண்டு, தட்டு என்று ஆஸ்பத்திரிச் சாமான் வாங்க அக்கா பஜாருக்குப் போயிருந்தாள். மாமா துணிப்பையோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றார். இவ்வளவுதான் எனக்கு இருந்த அவகாசம்.

வழக்கமான வரிசையில் போட்டுக் கேட்டேன். மாமா கனமாக ஓர் அடி வைக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் விழித்துக்கொண்டு மொத்தப் பாட்டையும் பிடித்து அமுக்கியது. அடித்தது பம்பை, அமுங்கியது அக்கா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். பின்னால் வரும் ஈக்யூவில் குரலை எவ்வளவு தூக்கினாலும் பலனில்லை. ஏற்கெனவே அமுங்கிப்போனதைத் தூக்கினால் அதோடு சேர்ந்து பம்பையின் ஓசையும்தான் தூக்கிக்கொண்டு வந்தது. பாட்டின் முடிவில், அம்மனை எழுந்து வரச்சொல்லி அக்கா உச்சிக்கு ஏறுகிற இடம் ஒன்று உண்டு. ஜனங்கள் காத்திருப்பதே அதற்குத்தான். சரியாக அந்த இடம் பார்த்து மாமா இருப்பதிலேயே பெரிய அடியாக அடித்திருந்தார். அங்கே அக்கா சுத்தமாகக் காணாமல் போயிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலியைத் திருப்பினேன்.

"இன்னா மாமா இது? அவ ஏறுற எடமாப் பாத்து இப்படி ஓங்கிப் போட்டுருக்க? அவ பாடுறது தெரிய வேணாமா?"

"பாட்டுன்னா பம்பை இருக்கணும்டா."

"இருக்கட்டும். இங்க பம்பை மட்டும்தான இருக்குது."

"அத்த அப்படியே வுடு. கொறைக்காத" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பெண்டாட்டி கழுத்தை அறுக்கக் கொடுக்கப் போகிறாள், அவள் குரல் இதோடு போனாலும் போகலாம், இந்த மனுசனுக்குத் தன் அடி கேட்கவேண்டும் என்று கவலை! தாளம் அடிப்பவர்களை எனக்குத் தெரியும். எந்தப் பாட்டை அனுப்பினாலும் 'நல்லா இருக்குது, பீட்ட மட்டும் கொஞ்சம் ஏத்து' என்பார்கள். மாமாவும் அந்தச் சாதிதான் என்று முடிவு கட்டினேன்.

போன் அடித்தது. அக்கா.

"ஆச்சாடா?"

"ஆயிட்டே இருக்குதுக்கா."

"மூடி போட்ட சொம்பு கெடைக்கல. பாத்துட்டு வரேன். நான் வந்ததும் போட்டுக் காட்டணும், ஆமா."

போனை வைத்த கையோடு கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. யுபிஎஸ் கீச்கீச் என்று கத்த ஆரம்பித்தது. அந்தக் கிழட்டு பேட்டரியை நம்ப முடியாது என்பதால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரிப் பாறையில் பட்ட வெயில் எல்லாம் நேராக என் ஜன்னலுக்குத்தான் வரும். வேர்வை ஊற்ற, இருவரும் உட்கார்ந்திருந்தோம். கீழே பஸ்காரர்கள் திருவண்ணாமலை, திண்டிவனம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். மாமா ஒவ்வொரு கூவலுக்கும் எட்டிப் பார்த்தார். கரண்ட் வராவிட்டால் அக்கா எதையும் கேட்காமல் போவாள். கேட்காமல் போகமாட்டேன் என்று திரும்பவும் அடம் பிடித்தாலும் பிடிப்பாள்.

அந்த இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வரிசையை மாற்றினால் என்ன என்று தோன்றியது. கம்ப்ரஸரை உசுப்புவது பம்பையின் அடிக்கனம். அது போய்ச் சேரும் முன்பே ஈக்யூவால் வெட்டிவிட்டால்? எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கரண்ட் வந்ததும் ஈக்யூவைத் தூக்கி முதலில் வைத்தேன். அடிக்கனத்தை இரக்கமில்லாமல் வெட்டினேன். அதற்குப் பிறகு கம்ப்ரஸர். போட்டேன். பம்பை தூரத்தில் யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல ஒதுங்கிப்போக, அக்கா முன்னால் வந்து நின்றாள். அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா மாமா? இதான் என் அக்கா. கேளு" என்றேன்.

மாமா கேட்கவில்லை. "நிறுத்துடா" என்றார். "போதும், அதோட நிறுத்து."

நான் நிறுத்தவில்லை. பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. அக்கா ஏறினாள். பாதி உயரத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு கணம் வெறும் காற்று மட்டும் வந்தது. பிறகு எங்கேயோ கீழிருந்து குரலைத் தேடிப் பிடித்து முடித்தாள். பதிவில் கோளாறோ என்று திரும்பப் போட்டேன். கோளாறு இல்லை. மூன்றாவது தடவை போடக் கை வரவில்லை.

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாசித் திருவிழாவுலயே ஆரம்பிச்சிட்டுது. ஏறும்போது ஒடையுது. ஒடையிற எடத்துல ஓங்கி ஒரு போடு போட்டேன்னா ஜனத்துக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இத்தினி நாளு அப்படித்தான் ஓட்டிக்கினு வரேன்."

கொஞ்ச நேரம் முன்பு அவரைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் வெட்கப்பட்டேன்.

"பழசையே போட்டுக் காட்டுடா" என்றார்.

"அதுல அவளே இல்லையே மாமா."

"இல்லாட்டி போவுது. இத்தக் கேட்டான்னா பஸ் ஏறமாட்டா. கொரல் ஏற்கனவே போயிட்டுது, இனிமே அறுத்தா இன்னா அறுக்காட்டி இன்னான்னு கட்டியோட குந்திக்குவா. உனக்கு உன் அக்கா வேணுமா, பாட்டு வேணுமா?"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. திரையில் இரண்டு பதிவும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் பம்பைக்கு அடியில் அக்கா மறைந்திருந்தாள். மற்றதில் முழுசாக நின்று, முழுசாக உடைந்தாள்.

அக்கா ஒயர் கூடையோடு வந்தாள். மூடி போட்ட சொம்பு கிடைத்திருந்தது. அதைத் தூக்கிக் காட்டிவிட்டு, என்னை எழுப்பி என் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கழுத்து வீக்கத்தை மறைக்க முந்தானையைச் சுற்றியிருந்தாள்.

"இன்னாடா ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி நிக்கிறீங்க? போடு."

மாமா என்னையே பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. பழையதைப் போட்டால் அவள் பஸ் ஏறுவாள். ஆனால் அவள் என்னிடம் கேட்டது அவள் குரலை. பம்பையைக் கொடுத்து இதுதான் உன் குரல் என்று எப்படிச் சொல்வேன்? பயந்துகொண்டேதான் புதியதைப் போட்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஹெட்போனுக்கு வெளியே கசிகிற சத்தத்தை வைத்துப் பாட்டு எங்கே போகிறது என்று எங்களால் கேட்க முடிந்தது. முதல் பகுதி முழுக்க அவள் தலை ஆடிக்கொண்டிருந்தது. அந்த இடம் நெருங்கியது. அக்கா ஏறினாள். மாமா ஓர் அடி முன்னால் வந்தார். அவர் கை தானாக எழுந்து கதவுப் பலகையில் படார் என்று அறைந்தது.

நானே துள்ளிவிட்டேன். அக்கா துள்ளவில்லை. கண்ணைத் திறந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஏன்யா, இந்த எடத்துல உன் அடி எங்க?"

மாமா என்னைப் பார்த்தார். "தம்பி வெட்டிட்டான்."

"யார்றா உன்ன வெட்டச் சொன்னது?"

"உன் கொரல் தெளிவா தெரியணும்னுதான்க்கா..."

"தெரிஞ்சிதே, நல்லாத் தெரிஞ்சிது. ஒடையுது" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. "மாசியிலேந்து ஒடையுது. பாடுறவளுக்குத் தெரியாதா?"

மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. "உனக்குத் தெரியுமா?"

"நீ எதுக்கு அடிக்கிறேன்னும் தெரியும். சொன்னா கூச்சப்பட்டுக்கினு நிறுத்திடுவேன்னு சொல்லல." என் பக்கம் திரும்பினாள். "நான் ஒடைவேன்னு தெரிஞ்சி இவரு அடிக்கிறாரு. இவரு அடிப்பாருன்னு தெரிஞ்சிதான் நான் ஏறுறேன். அந்த அடிய எடுத்துட்டன்னா, எந்த தைரியத்துலடா நான் அங்க ஏறுவேன்?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான் துடைத்தார். அறையில் யாரும் அப்படி நினைக்கவில்லை.

"சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றார்.

"வேற பஸ் இருக்குது. இவன் அத்த ஒழுங்கா பண்ணித் தரட்டும். கேக்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த மத்தியான பஸ்ஸை விட்டால் பாண்டிச்சேரிக்கு நேராகப் போகும் பஸ் எப்போது என்று எனக்கும் நிச்சயமில்லை. தாமதமாகப் போனால் கட்டில் கிடைக்குமா, நாள் தள்ளிப்போகுமா, தள்ளிப்போனால் இவள் மனசு மாறுமா என்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

ஈக்யூவை முன்னால் வைத்தால் பம்பை போகிறது. பின்னால் வைத்தால் அக்கா போகிறாள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வரிசை என்று ஒன்று கிடையாது. நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். கம்ப்ரஸரும் ஒரு ஆள் மாதிரிதானே, காதால் கேட்டுவிட்டுத்தானே கை வைக்கிறான் என்று யோசித்தபோது வழி கிடைத்தது. சத்தம் போகிற பாதையில் எதையும் வெட்ட வேண்டாம். அவன் காதுக்குப் போகிற கிளையில் மட்டும் அடிக்கனத்தை வெட்டினால் போதும். காதில் பஞ்சு வைத்த மாதிரி. பம்பை அடித்தது அவனுக்குத் தெரியாது. தெரியாததால் அமுக்க மாட்டான். ஆனால் அடி முழுசாக வெளியே வரும். அந்த வசதி எப்போதும் கம்ப்ரஸரில் இருப்பதுதான். எனக்குத்தான் தேவைப்பட்டதில்லை.

ஈக்யூவைப் பிய்த்து எடுத்தேன். கம்ப்ரஸரின் காதில் பஞ்சை வைத்தேன். கடைசியில் குரலுக்காக இன்னொரு ஈக்யூவை, மிகக் கொஞ்சமாகத் தூக்கி வைத்தேன். அவசரத்தில் ஒரு தடவை தப்பான பொத்தானை அழுத்தி மொத்தமும் போய், மறுபடி வைத்தேன்.

இந்தத் தடவை ஹெட்போன் வேண்டாம், எல்லோருக்கும் கேட்கட்டும் என்றாள் அக்கா. ஸ்பீக்கரில் போட்டேன். பம்பை அறையை அதிரவைத்தது. அதன் மேல் அக்கா அமுங்காமல் நின்றாள். அந்த இடம் வந்தது. அவள் ஏறினாள், மாமா அடித்தார். குரல் உடைந்ததும் அடி விழுந்ததும் ஒன்றாகவே நடந்தது. எது எது என்று பிரிக்க என் காதால் முடியவில்லை. காது என் பிழைப்பு, ஆனாலும் முடியவில்லை.

பாட்டு முடிந்த பிறகும் அக்கா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆங். இதான் என் கொரலு" என்றாள். எழுந்து ஒயர் கூடையை எடுத்தாள். "வாய்யா, போவலாம்."

மாமாவின் போனில் பாட்டை ஏற்றிக்கொடுத்துவிட்டு மூன்று பேரும் படியில் ஓடினோம். பஸ் வாசலைத் தாண்டி வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. நான் முன்னால் போய் டிரைவரிடம் கையைக் கூப்பிக் கத்தினேன். திட்டிக்கொண்டே நிறுத்தினார். அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, சொம்பை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கையாட்டினாள். அவள் ஏறிவிட்டாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. பஸ் போன பிறகு டைம் கீப்பர் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது. ஆனால் குரலைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது, வாயைத் திறக்கவே கூடாது என்று உத்தரவு. பார்க்கப் போனபோது சைகையிலேயே என்னைத் திட்டினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஊருக்கு வந்த பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. யார் பாட்டைப் போட்டாலும் உச்சிக்குப் போகிற இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துவிடுவேன்.

தையல் பிரித்த அன்று மாமா போன் செய்தார். பின்னால் ஆஸ்பத்திரி வாசல் இரைச்சல் கேட்டது.

"பேசிட்டாடா. இனிமே பேசலாம்னு சொல்ட்டாங்க."

"கொரல் எப்படி மாமா இருக்குது?"

"கரகரன்னு இருக்குது. பேச மட்டுந்தான் சொன்னாங்க. இவ கேட்டாளா? வெளிய வந்து பெஞ்சில குந்தினதும் மெதுவா பாட்ட எடுத்துட்டா. இருடி, இருடின்றேன், நேரா அந்த எடத்துக்கே போயிட்டா."

"ஒடைஞ்சிதா மாமா?"

அக்கா பக்கத்தில் யாரிடமோ கரகரப்பாகச் சிரித்துப் பேசுவது கேட்டது.

"தெரிலடா" என்றார். "இரும்பு பெஞ்சில ஓங்கி ஒண்ணு போட்டேன். வாச்மேன் ஓடியாந்துட்டான். அந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல."